இருவருக்கு ஓர் இத்தாலிய இரவுச் சாப்பாடு: மேசை பிடிப்பது முதல் பில் கட்டுவது வரை

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார், தெலுக் ஆயர், அமோய் ஸ்திரீட், டக்ஸ்டன் ஹில் பக்கம் போனால் இத்தாலியக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. நட்சத்திர ஓட்டல்களுக்குள் வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கும் இடங்களை இங்கே சொல்லவில்லை. பழைய கடைவீட்டின் தரைத்தளத்தில், மூலையில் பீட்சா அடுப்பு எரிய, நெருக்கமாக மேசை போட்டிருக்கும் சாதாரணக் கடைகள்தான் பேச்சு. ஊருக்குப் புதிதாக வந்த தம்பதிகள் அங்கே தடுமாறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: மெனுவில் இருக்கும் பெயர்கள், எந்தத் தட்டில் எந்த இறைச்சி ஒளிந்திருக்கிறது என்பது, கடைசியில் வரும் பில். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தட்டு மேசைக்கு வந்த பிறகு கேட்டால் கடைக்காரருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

மேசை பிடித்தல்

இது அலுவலக வட்டாரம். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் நிரம்பி வழியும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. அதனால் முதலில் பார்க்க வேண்டியது அன்றைக்குக் கடை உண்டா என்பதை. செவ்வாய், புதன் இரவு என்றால் அன்று காலையில்கூட இடம் கிடைக்கும். வெள்ளி, சனி இரவுக்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். முன்பதிவுச் செயலியிலோ கடையின் சொந்த இணையப்பக்கத்திலோ செய்யலாம். சில கடைகள் கடன் அட்டை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும். வராமல் போனாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் காசு போகாது என்பதைப் பதிவு செய்யும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

கூட்டமான இரவுகளில் ஒரே மேசையை இரண்டு முறை கொடுப்பார்கள்: ஆறு மணி வாக்கில் ஒரு பந்தி, எட்டு மணிக்கு மேல் இன்னொன்று. முதல் பந்தியில் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ எழுந்துவிட வேண்டும். பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்றால் இரண்டாவது பந்தியைக் கேளுங்கள். ஆனால் சமையலறை எத்தனை மணிக்குக் கடைசி ஆர்டர் எடுக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். காதலர் தினம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, டிசம்பர் 31 போன்ற நாள்களில் வழக்கமான மெனுவை எடுத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று செட் மெனு மட்டும் போடும் கடைகள் அதிகம். சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்ப்பதே நல்லது. நாலு சுற்றில் இரண்டை விட்டுவிட்டு முழுக் காசும் கட்ட வேண்டிவரும்.

பதிவுப் படிவத்தில் குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். சைவமா, மாட்டிறைச்சி ஆகாதா, முட்டை ஆகாதா, எந்தக் கொட்டைக்காவது ஒவ்வாமை உண்டா என்பதை எழுதுங்கள். உட்காரும் இடத்தையும் அங்கேயே சொல்லலாம். வெளிமேசை படத்தில் அழகாகத் தெரியும். ஏழு மணிக்கும் புழுக்கம் குறையாது, மழை வந்தால் உள்ளே இடமும் இருக்காது. உள்ளே, அடுப்புக்குப் பக்கத்து மேசை அனல் அடிக்கும். ஏர்கான் துளைக்கு நேர்கீழ் மேசையில் பாஸ்தா மூன்று நிமிடத்தில் ஆறிப்போகும். சுவரோரம் கிடைத்தால் நல்லது.

உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிக்கும் வித்தை இங்கே செல்லாது. வாசலில் நில்லுங்கள், யாராவது வந்து அழைத்துப்போவார்கள். சாப்பிட்ட தட்டை நீங்கள் எடுத்துவைக்கவும் வேண்டாம். தட்டைத் திருப்பி வைக்கும் சட்டம் உணவங்காடி நிலையம், காப்பிக்கடை, உணவு நிலையங்களுக்குத்தான்.

போய்ச் சேர எம்ஆர்டி போதும். லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரயில் மாறாமலே ஆறாவது நிறுத்தம் தெலுக் ஆயர். கிழக்கு மேற்குப் பாதைக்காரர்களுக்குத் தஞ்சோங் பகார், தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் வருகிறவர்களுக்கு மேக்ஸ்வெல். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே சாப்பிடப் போகிறவர்களுக்கும் இந்தப் பகுதி நடக்கும் தூரம்தான். உடை விஷயத்தில் கெடுபிடி கிடையாது. ஜப்பான் செருப்பும் பனியனும் மட்டும் வேண்டாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தக்காளிச் சாறு பாஸ்தா ஆர்டர் செய்வது உங்கள் துணிச்சல்.

மெனுவை எப்படிப் படிப்பது

பெரும்பாலான மெனுக்கள் ஐந்து பகுதியாக இருக்கும். முதலில் அன்டிபாஸ்தி, அதாவது கொறிக்கும் தட்டுகள். அடுத்து பிரீமி: பாஸ்தாவும் ரிசோட்டோவும். செகோந்தி என்றால் மீன், இறைச்சி. கொன்தோர்னி என்பது தொட்டுக்கொள்ளும் காய்கறிகள். கடைசியில் தோல்ச்சி, இனிப்பு. பீட்சாவுக்குத் தனிப் பக்கம். இத்தாலியர்கள் இந்த வரிசையில் சாப்பிடுகிறார்கள் என்பதற்காக எல்லாப் பகுதியிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நடுத்தரப் பசியுள்ள இருவருக்கு ஓர் அன்டிபாஸ்தி, ஒரு பீட்சா, ஒரு பாஸ்தா, ஓர் இனிப்பு போதும். பீட்சா சுமார் 30 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதுவே ஒருவர் வயிற்றை நிரப்பும். பாஸ்தா தட்டு மட்டும் சிறிதாகத் தெரியும். காய்ந்த பாஸ்தாவில் ஓர் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் என்பதே வழக்கமான அளவு. எண்ணெயும் சீஸும் சேர்ந்த பிறகு அது தோற்றத்தைவிட அதிகமாக நிரப்பும். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறு ஆளுக்கொரு பீட்சா, ஆளுக்கொரு பாஸ்தா என்று நாலு தட்டு சொல்லிவிடுவது. இருவர் மேசையில் இரண்டு பீட்சாத் தட்டு வைக்கவே இடம் போதாது. குறைவாகச் சொல்லுங்கள், பிறகு வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். பீட்சா விஷயத்தில் அது நிமிட வேலை.

காரணம் அடுப்பு. நேப்பிள்ஸ் பாணி பீட்சா 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும் அடுப்பில் 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிடும். ரிசோட்டோ அப்படியில்லை, அரிசியில் கரண்டி கரண்டியாகச் சாறு ஊற்றிக் கிளற 18, 20 நிமிடம் பிடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆர்டர் செய்தால், ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது மற்றவர் தட்டு வரும். "ரெண்டும் சேர்ந்து வரணும்" என்று ஆர்டர் எடுக்கிறவரிடம் சொல்லிவிட்டால் சமையலறை நேரம் பார்த்துச் செய்யும். சொல்லாவிட்டால் எது முதலில் தயாரோ அது முதலில் வரும்.

விலைக்குப் பக்கத்தில் நூறு கிராமுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். முழு மீன், எலும்போடு வரும் பெரிய ஸ்டேக், லாப்ஸ்டர் எல்லாம் எடைக்குத்தான் விலை. 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று படித்துவிட்டு ஆர்டர் செய்தால், ஒரு கிலோ துண்டு 180 வெள்ளியாக வந்து நிற்கும். ட்ரஃபிள் காளானைத் தட்டின்மேல் சீவித் தருகிறேன் என்று ஊழியர் புன்னகையோடு வந்தாலும் முதலில் விலையைக் கேளுங்கள். அன்றைய ஸ்பெஷல் என்று வாயால் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் இதே விதி. விலை கேட்பதை இந்த ஊரில் யாரும் கேவலமாக நினைப்பதில்லை.

எதில் என்ன இருக்கிறது

"இது வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். தட்டின்மேல் இறைச்சித் துண்டு கிடக்கிறதா என்பதை மட்டும் பார்த்து "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள். அடியில் ஊற்றியது கோழிச் சாறு, மேலே தூவியது கன்றுக்குட்டி ரென்னெட் (பாலைத் திரிக்கும் பொருள்) போட்ட சீஸ் என்பது கேள்விக்குள் வராது. ஆகவே பொருள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இதில் கோழிச் சாறு உண்டா? நெத்திலி உண்டா? முட்டை உண்டா? ஒயின் ஊற்றுவீர்களா?

முதலில் பன்றி. மெனுவில் குவான்சாலே, பான்செட்டா, புரோஷூட்டோ, ஸ்பெக், சலாமி, மோர்டடெல்லா, சல்சிச்சா, போர்கெட்டா என்று எது இருந்தாலும் அது வழக்கமாகப் பன்றி இறைச்சிதான். கார்போனாரா பாஸ்தா முட்டை மஞ்சள்கரு, பெக்கோரினோ சீஸ், மிளகு, பன்றித் தாடை இறைச்சியான குவான்சாலே ஆகியவற்றால் செய்வது. இங்கே சில கடைகள் அதற்குப் பதில் வான்கோழி பேக்கனும் கிரீமும் போடுகின்றன, கேட்டால் சொல்வார்கள். தக்காளிச் சாறுதானே என்று அமாத்ரிச்சானாவை நம்பாதீர்கள், அதிலும் குவான்சாலே உண்டு.

காரம் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. காரமான பீட்சா எது என்று கேட்டால் உடனே "தியாவோலா" என்பார்கள். அதில் காரத்தைத் தருவது பன்றிச் சலாமி. இன்னொன்று என்டூயா. மெனுவில் N எழுத்துக்கு முன்னால் ஒரு மேற்குறி போட்டு அச்சடித்திருக்கும். பார்த்தால் மிளகாய் விழுது மாதிரி செக்கச்செவேலென்று, ஸ்பூனால் தடவும் பதத்தில் இருக்கும். அது கலாப்ரியா வட்டாரத்தின் மிளகாய் போட்ட பன்றித் தொத்திறைச்சி. பீட்சாமேல் உருகிப்போன பிறகு எண்ணெய் மட்டும்தான் தெரியும், இறைச்சி தெரியாது.

மாடு ஆகாதவர்கள் பொலோனேஸ், ராகு என்ற இறைச்சிச் சாறு, லசானியா, மீட்பால் ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். இவற்றில் மாடு அல்லது மாடும் பன்றியும் கலந்து வரும். கார்பாச்சோ பெரும்பாலும் மெல்லிதாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சி, பிரெசாவோலா உலர்த்திய மாடு, ஒஸ்ஸோ பூக்கோவும் வித்தெல்லோ என்று தொடங்குபவையும் கன்று. அரான்சினி என்ற அரிசி உருண்டை வெளியே பார்த்தால் போண்டா. உள்ளே இறைச்சி ராகு இருக்கலாம். கேட்காமல் கடிக்க வேண்டாம்.

சைவத்தில் மறைந்து நிற்கும் பொருள்கள் வேறு. சீசர் சாலட் சாறில் நெத்திலி, புட்டனெஸ்கா பாஸ்தாவில் நெத்திலி. மினெஸ்ட்ரோனே சூப்பும் காளான் ரிசோட்டோவும் பெயரளவில் காய்கறி, ஆனால் பல சமையலறைகளில் கோழிச் சாறில்தான் கொதிக்கும். சாறு முன்கூட்டியே காய்ச்சி வைப்பது என்பதால் கடைசி நேரத்தில் மாற்றச் சொல்ல முடியாது. பதிவுக் குறிப்பில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். கணவாயும் உருளைக்கிழங்கும் ஒரே எண்ணெயில் பொரியும் கடைகளும் உண்டு.

சீஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் கவனிக்க: பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ இரண்டிலும் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் போடுகிறார்கள். பெக்கோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட். மொட்சரெல்லா, புராட்டா தயாரிப்பாளரைப் பொறுத்தது. நுண்ணுயிர் ரென்னெட்டும் பயன்படுத்துகிறார்கள், பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். பீட்சாவில் மரினாரா கேட்டால் சீஸ் பிரச்சினையே எழாது. தக்காளி, பூண்டு, ஒரிகனோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பாஸ்தாவில் அல்யோ ஒலியோ (பூண்டும் எண்ணெயும்) அல்லது அராபியாத்தா கேட்டு, "மேலே சீஸ் தூவ வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சீஸ் பரவாயில்லை என்பவர்களுக்கு நார்மா பாஸ்தா இருக்கிறது: பொரித்த கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்ட ரிக்கோட்டா. கத்தரிக்காய் பார்மிஜானாவும் அப்படியே. நம் நாக்குக்கு முதல் தடவையே பிடித்துப்போகும் தட்டுகள் இவை.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு. கடையிலேயே பிசைந்த புது பாஸ்தா என்று பெருமையாக எழுதியிருந்தால், பெரும்பாலும் நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் முட்டை உண்டு. தாலியத்தெல்லே, பாப்பர்தெல்லே, ராவியோலி எல்லாம் இந்த வகை. பாக்கெட்டில் வரும் ஸ்பகெட்டி, பென்னே, லிங்குயினே ஆகியவற்றில் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. ஓரெக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவும் வழக்கமாக ரவையும் தண்ணீரும்தான். நேப்பிள்ஸ் பீட்சா மாவிலும் முட்டை கிடையாது: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். நியோக்கி உருளைக்கிழங்கில் செய்வது, முட்டை போடுவதும் உண்டு, போடாததும் உண்டு, கேட்க வேண்டும்.

வெங்காயம், பூண்டு இல்லாத விரதச் சாப்பாட்டுக்கு இத்தாலியக் கடை சரிப்படாது. சாறு, சூப், தக்காளிச் சாறு எல்லாவற்றின் தொடக்கமும் எண்ணெயில் வதக்கிய வெங்காயமோ பூண்டோதான். புரட்டாசி சனிக்கிழமையை விட்டு வேறு நாள் பாருங்கள்.

ஹலால் தேடுகிறவர்கள் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் வாசலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை என்ற பலகை சான்றிதழ் ஆகாது. சான்றிதழ் இல்லாத கடையில் மட்டி போட்ட வோங்கொலே பாஸ்தாவிலும் ரிசோட்டோவிலும் வெள்ளை ஒயின் ஊற்றுவது சமையல் முறையிலேயே இருக்கிறது. திராமிசு என்ற இனிப்பில் மார்சாலா ஒயினோ ரம்மோ இருக்கக்கூடும். அதே திராமிசுவில் பச்சை முட்டையும் இருக்கும்; கர்ப்பிணிகள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். பானா கோட்டா ஜெலட்டின் போட்டு உறைய வைப்பது, அது பன்றியாகவோ மாடாகவோ இருக்கலாம். எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட எலுமிச்சை சோர்பெட் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

கொட்டை ஒவ்வாமை இருந்தால் பேசில் இலை விழுதான பெஸ்தோவைத் தொடாதீர்கள். மூல முறையில் பைன் கொட்டை. விலை கட்டுப்படியாகாத கடைகள் முந்திரி, வால்நட் என்று மாற்றிக்கொள்ளும். மோர்டடெல்லாவில் பிஸ்தா இருக்கலாம்.

மேசையில் கியூஆர் குறியீடு ஒட்டி, கைப்பேசியிலேயே ஆர்டர் செய்யச் சொல்லும் கடைகளில் இத்தனையையும் கேட்க ஆள் நிற்கமாட்டார். குறிப்புப் பெட்டியில் எழுதினால் சமையலறைச் சீட்டில் பொடி எழுத்தில் போய்ச் சேரும், கூட்ட நேரத்தில் யார் கண்ணிலும் படாது. கையைத் தூக்கி ஊழியரைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். எதிரில் நிற்பவர் நம் ஊர்க்காரராக இருந்தால் தமிழிலேயே கேட்டுவிடலாம், இன்னும் நல்லது.

காரமும் உப்பும்

அராபியாத்தா காரமானது என்று எழுதியிருக்கும். நமக்கு அது சுமார்தான். காரம் கூட வேண்டும் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். மிளகாயின் உறைப்பு எண்ணெயில் கரைவது. பூண்டோடு சேர்த்து எண்ணெயில் வதக்கும்போது போட்டால்தான் சாறு முழுக்க இறங்கும். பிறகு மிளகாய்த் தூள் தூவினால் நாக்கின் நுனியில் மட்டும் சுருக்கென்று தெரிந்துவிட்டுப் போகும். பீட்சாவுக்கு மிளகாய் ஊறிய எண்ணெய் கேளுங்கள், அநேகமாக எல்லாக் கடையிலும் வைத்திருப்பார்கள்.

பாஸ்தா நடுவில் கொஞ்சம் விறைப்பாக இருப்பது குறையல்ல, அப்படித்தான் வேகவைக்கிறார்கள். பிடிக்காது என்றால் "நன்றாக வெந்தது வேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சாறோடு புரட்டிய பிறகு திருப்பி அனுப்பினால் மீண்டும் சூடாக்கிக் கொழகொழவென்று தருவார்கள். உப்பு அப்படிச் சுலபமாகக் குறையாது. பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது. உப்பு ஆகாதவர்கள் காச்சோ எ பெப்பே (சீஸும் மிளகும்), கார்போனாரா இரண்டையும் விட்டுவிட்டுத் தக்காளிச் சாறு பக்கம் போங்கள்.

குடிக்க

உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?" என்று கேட்பார்கள். இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணீர். சாதாரணக் குழாய்த் தண்ணீர் உண்டா, அதற்குக் காசு உண்டா என்று கேளுங்கள். சில கடைகள் இலவசமாகத் தரும், சில தலைக்கு ஒரு தொகை போடும், சில தருவதே இல்லை.

ஒயின் குடிப்பவர்களுக்கு: ஒரு பாட்டில் 750 மில்லி, 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். இருவருமாக நாலு கிளாஸ் போகும் என்று தோன்றினால் பாட்டில் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாட்டிலே மலிவாக வரலாம். தக்காளிச் சாறுக்குச் சாங்கியோவேசே திராட்சையின் கியான்டி ஒத்துப்போகும்; மீனுக்கு வெர்மென்டினோ, பினோ கிரீஜோ போன்ற வெள்ளை ஒயின். பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றி நீட்டுவது கெட்டுப்போகவில்லையே என்று பார்க்கத்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் மாற்றச் சொல்லுங்கள். வாடை இல்லை என்றால் தலையாட்டுங்கள். மீதியைக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் உட்கார்ந்து குடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம், இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தச் சட்டத்தில் இடமில்லை. கார் ஓட்டுகிறவருக்கு எலுமிச்சை சோடா. மூச்சுச் சோதனை வரம்பு 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராம். அதைக் கிளாஸ் கணக்கில் ஊகிக்கப் பார்க்காதீர்கள்.

சாப்பிடும் முறை

ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் முதலில் வரும். இலவசமா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். ஸ்பகெட்டியில் முள்கரண்டியைக் குவியலின் நடுவில் குத்தினால் பந்துபோல் சுருண்டு வாய்கொள்ளாமல் வரும். ஓரத்தில் நாலைந்து இழைகளை மட்டும் பிரித்து, கரண்டி முனையைத் தட்டின் அடியில் ஊன்றிச் சுற்றுங்கள். கத்தியால் வெட்ட வேண்டாம், தட்டு வந்ததும் படமெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். சாறில் மாவுச்சத்து இறுகி ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும். கார்போனாரா இன்னும் மோசம், ஆறினால் முட்டைக் களி.

பீட்சாவைக் கையால் தாராளமாகச் சாப்பிடலாம். நேப்பிள்ஸ் பாணியில் நடுப்பகுதி ஈரமாகத் தொங்கும். நுனியை உள்பக்கம் மடித்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் சொட்டாது. தட்டில் மிஞ்சிய சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவது இம்மாதிரிக் கடையில் மரியாதைக் குறைவில்லை. புராட்டா வந்தால் நடுவில் கீறுங்கள். வெளித்தோல் மொட்சரெல்லா, உள்ளே கிரீமில் ஊறிய சீஸ் இழைகள் தட்டெங்கும் வழியும். தக்காளியோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏதாவது தப்பாக வந்தால் இரண்டு வாயிலேயே சொல்லுங்கள். முக்கால் தட்டு காலியான பிறகு சொன்னால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

பில்

மெனுவின் அடியில் விலையோடு இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. இது 2024 ஜனவரி முதல் உள்ள விகிதம். வரியைச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின்மேல் போடுவார்கள். அதனால் கூட்டினால் 19 அல்ல, 19.9. மெனு விலையை 1.2ஆல் பெருக்கிக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும்.

உதாரணத்துக்கு: புராட்டா 24, பீட்சா 26, பாஸ்தா 28, திராமிசு 14, ஆக 92 வெள்ளி. சேவைக் கட்டணம் 9.20 சேர்த்தால் 101.20. அதன்மேல் வரி 9.11. கட்ட வேண்டியது 110.31. இதோடு 18 வெள்ளி ஒயின் இரண்டு கிளாஸும் 8 வெள்ளித் தண்ணீரும் சேர்ந்தால் மெனுக்கணக்கு 136, கட்டுவது 163.06. ஐம்பது வெள்ளிக்கு மேல் ஏறுவது குடிப்பதில்தான், சாப்பாட்டில் இல்லை.

மற்றக் கடைகள் வரியைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கும்போது உணவகங்கள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன என்று சிலர் கேட்பதுண்டு. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு அதில் விலக்கு உண்டு. சேவைக் கட்டணமே வாங்காத கடை, வரியும் சேர்ந்த விலையைத்தான் மெனுவில் போட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு கடை வரிக்குப் பதிவு செய்யாமலே இருக்கலாம். அப்படியென்றால் பில்லில் வரி என்று ஒரு வரியே வரக்கூடாது.

டிப்ஸ் வைக்கும் பழக்கம் இங்கே இல்லை; சேவைக் கட்டணம் ஏற்கெனவே போயாயிற்று. அட்டை இயந்திரத்தில் டிப்ஸ் கேட்டு ஒரு திரை வந்தால் வேண்டாம் என்று அழுத்துங்கள், யாரும் முறைக்கமாட்டார்கள். பில் வந்ததும் ரொட்டி, ஈரத்துண்டு, தண்ணீர் என்று சில்லறையாக என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தொடாததை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். சலுகைக் கூப்பனோ வங்கி அட்டையின் ஒன்றுக்கு ஒன்று இலவசமோ இருந்தால் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே காட்டுங்கள். வெள்ளி இரவு, விடுமுறைக்கு முந்தைய நாள் செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பல கடைகளில் சேவைக் கட்டணம் சலுகைக்கு முந்தைய விலைமீதே கணக்காகும்.

இந்திய வங்கி அட்டையை இன்னும் பயன்படுத்துகிறவர்கள் இயந்திரம் "ரூபாயிலா, சிங்கப்பூர் வெள்ளியிலா?" என்று கேட்கும்போது வெள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் இஷ்டத்துக்குப் போட்டுவிடும். சில கடைகள் ரொக்கமே வாங்குவதில்லை. பேநவ், நெட்ஸ், அட்டை மட்டும்.

மிச்சமும் வீடு திரும்புதலும்

மிஞ்சிய பீட்சாவைக் கட்டித் தரச் சொல்லலாம், பெட்டிக்குச் சில்லறை பிடிப்பார்கள். வீட்டுக்குப் போனதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் மைக்ரோவேவ் வேண்டாம், ரொட்டி ரப்பராகிவிடும். எண்ணெய் விடாத தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, துண்டை வைத்து, மூடிபோட்டு மூன்று நான்கு நிமிடம். அடி மொறுமொறுப்பாகி மேலே சீஸ் இளகும். பாஸ்தாவைக் கட்டிக்கொண்டு போவது வீண். தக்காளிச் சாறு என்றால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சூடாக்கித் தேற்றலாம், முட்டையோ கிரீமோ கலந்தது தேறாது.

இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தவர்கள் இனிப்பு ஆர்டர் செய்யும்போதே கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டிவிட்டால் டாக்சி மீட்டரில் ஐம்பது விழுக்காடு கூடுதல். 11.50க்கு ஏறினால் அது இல்லை.